குட்டி நாய்க்கு எந்தப் பிரஷ்?

நம் மளிகைக் கடைகளில் நாய் பிஸ்கட் இடம் பிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் பின்னாலேயே சீப்பு, பிரஷ், நகவெட்டி, ஷாம்பு என்று ஒரு தனிச் சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. துவரம் பருப்பைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் ரகம் சொல்லிவிடும் நம் வணிகர்கள், இந்தச் சரக்கை மட்டும் அட்டையில் உள்ள நாய்ப் படத்தைப் பார்த்தே கொள்முதல் செய்கிறார்கள். "அண்ணாச்சி, வீட்டுல குட்டி வாங்கியிருக்கோம், முடி சீவ ஒண்ணு கொடுங்க" என்று வருபவருக்கு எதை எடுத்துக் கொடுப்பது? இதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

இது சிறிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. குட்டியின் தோல் வளர்ந்த நாயின் தோலைவிட மெல்லியது. கூரிய கம்பிப் பல் பட்டால் கீறும்; சிவக்கும். அதைவிடப் பெரிய சங்கதி, பிரஷைப் பிடிப்பது பெரும்பாலும் அந்த வீட்டுக் குழந்தை. வலித்தால் குட்டி திரும்பி வாயை வைக்கும். வெறிநோய்த் தடுப்பூசியை வழக்கமாகச் சுமார் மூன்று மாத வயதில்தான் போடுகிறார்கள். அதற்கு முன்பே பல் பட்டுவிட்டால், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பல் லேசாகப் பட்டிருந்தாலும் ஓடித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, முதல் சில வாரங்களில் வலி கண்ட குட்டி, பிறகு பிரஷைக் கண்டாலே ஒளியும். வளர்ந்த பின் நாலு பேர் பிடித்தாலும் நிற்காது.

சரக்கை எடுக்கும் முன் நம் ஊரில் எந்த நாய்கள் அதிகம் என்று பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றுக்குக் குட்டை முடி. தோலோடு ஒட்டிக் கிடக்கும். தெரு நாய்க் குட்டியை எடுத்து வளர்ப்பவர்களும் அதிகம். அவற்றுக்கும் பெரும்பாலும் அதே முடிதான். இந்த வகைக்கெல்லாம் மென்மையான ரப்பர் பிரஷ் போதும். கையுறை போல மாட்டிக்கொள்ளும் ரப்பர் வகையும் நல்லதே. தடவிக் கொடுப்பதாகவே குட்டி எண்ணிக்கொள்ளும். ஒரு மாதக் குட்டிக்கு அதுகூட வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். விற்பனை ஒன்று குறையும். மறுமாதம் அவர் நம் கடைக்கே வருவார்.

நாம் 'பொமரேனியன்' என்று அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ் நாய்க்கு அடிமுடி, மேல்முடி என இரண்டு அடுக்கு உண்டு. குட்டியாக இருக்கும்போது பஞ்சு போலத்தான் இருக்கும். நாலைந்து மாதத்துக்கு மேல்தான் அது உதிர்ந்து பெரிய முடி வரத் தொடங்கும். ஆகவே ஆரம்பத்தில் மென்மையான நார் பிரஷ், பிறகு நுனியில் குமிழ் வைத்த கம்பி பிரஷ். வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக உள்ள பிரஷை வளர்ந்த நாய்க்குப் பழக்கப்பட்டவர்கள் பயன்படுத்தலாம். குட்டி வைத்திருப்பவர் கையில் கொடுக்காதீர்கள். அழுத்தித் தேய்த்தால் தோலில் எரிகாயம் போல ஆகிவிடும். உதிரும் முடியை வழித்தெடுக்கும் பிளேடு வைத்த கருவியும் அப்படியே.

பொருளைச் சோதிக்க எளிய வழி உண்டு. முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கு மேலே, பிரஷை லேசாக அழுத்தி இழுங்கள். சுரீர் என்றாலோ வெள்ளைக் கோடு விழுந்தாலோ அதைக் குட்டிக்கு விற்கக் கூடாது. குமிழ் வைத்த பிரஷ் என்றால் ஒவ்வொரு குமிழையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். குமிழ் கழன்றால் அடியில் இருப்பது வெறும் ஊசிதான். கம்பி பதித்திருக்கும் ரப்பர் மெத்தையையும் அமுக்கிப் பாருங்கள். அது அமுங்கிக் கொடுக்க வேண்டும்.

பெட்டியின் மேலடுக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு வந்த ஒரு பெட்டியில் மேல் டஜன் கண்ணாடி போல இருந்தது. அடியில் இருந்ததில் பாதிக்கு மேல் குமிழே இல்லை. லாரிக்காரர் அவசரப்படுத்தினார். இருந்தும் பிரித்து எண்ணி, அப்போதே ரசீதில் குறித்துத் திருப்பி அனுப்பினோம். அனுப்பியவர் ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. பிறகு மாற்றுச் சரக்கு வந்தது.

உண்ணி, தெள்ளுப்பூச்சி பார்க்க நம்மூர்ப் பேன் சீப்பே உதவும். பல் நுனி மழுங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சாமான்களோடு கலக்காமல் தனியே வைத்து விற்கலாம்.

நகவெட்டியில் சிறியதை மட்டும் வாங்கி வையுங்கள். வெள்ளை நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்த நாளம் தெரியும்; கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகவே நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சொல்லுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கலாம். அது நம் கடையிலேயே இருக்கிறது.

ஷாம்பு கேட்பவருக்கு மனிதர்களுக்கான பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நம் தோல் சற்று அமிலத் தன்மை கொண்டது; நாயின் தோல் ஏறக்குறைய நடுநிலையானது. நமக்கானதைத் தொடர்ந்து போட்டால் அதன் தோல் வறண்டு அரிக்கும். நாய்க்கென்று உள்ளதை, குட்டிக்கு ஏற்றது என்று அச்சிட்டிருப்பதை மட்டும் கொடுங்கள்.

உண்ணி மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். எத்தனை வார வயதுக்கு மேல் போடலாம் என்பது லேபிளில் இருக்கும். வயது தெரியாவிட்டால் விற்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம். வீட்டில் பூனை உண்டா என்று கேட்டுவிட்டே எடுங்கள். இவற்றை மாவு, பருப்பு உள்ள அலமாரியில் வைக்கவே கூடாது. உணவுப் பாதுகாப்பு விதிகளும் பூச்சிமருந்தை உணவுப் பொருளிலிருந்து பிரித்து வைக்கச் சொல்கின்றன. அடுக்க இடம் இல்லாத சிறிய கடைக்காரர் இந்த மருந்துச் சரக்கையே தொடாமல் விட்டுவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவர் ரப்பர் பிரஷ் ஆறு, நார் பிரஷ் மூன்று, சிறிய நகவெட்டி இரண்டு என்று எடுத்தால் போதும். கொக்கியில் தொங்கவிடும்போது ஒவ்வொரு வகையிலும் ஒன்றை உறை பிரித்து வையுங்கள். வாங்குபவர் தம் கையிலேயே இழுத்துப் பார்க்கட்டும்.