அமெரிக்க இளைஞரும் அவர்தம் பாடசாலையும்

அமெரிக்கரின் கல்வி முயற்சி யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவினர். கிறித்தவ மிஷன்களின் முயற்சியைக் கண்டன்றோ நம் சைவப் பெருமக்களும் கல்விச்சாலைகளை நிறுவத் தலைப்பட்டனர்! ஆயினும் அம்மிஷனரிமாரின் தாயகத்திலே பதினான்கு முதற் பதினெட்டு வரையுள்ள பிராயத்தினர் எங்ஙனம் கற்கின்றனர், எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதை நாம் ஆராய்ந்தது குறைவு.

முதற்கண் அறியத்தக்கது யாதெனில், அங்கே நாடு முழுவதற்குமான பாடத்திட்டம் இல்லை, நமது க. பொ. த. போன்ற பொதுப் பரீட்சையும் இல்லை. அந்நாட்டு அரசியலமைப்பிலே கல்வி என்னுஞ் சொல்தானும் இடம்பெறவில்லை. கல்விக்குப் பொறுப்பானவை 50 மாநிலங்களே. அவை ஏறத்தாழ 13,000 பாடசாலை வட்டாரங்கள் வாயிலாக அதனை நடத்துகின்றன. வட்டாரத்துப் பாடசாலைகளின் செலவிற் கணிசமான ஒரு பங்கு அவ்வட்டாரத்து வீடுவளவுகளின்மீது விதிக்கப்படும் சோலைவரியிலிருந்து வருகின்றது. இவ்வரியைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

ஒன்பதாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்தரப் பாடசாலையாகும். தூரத்திலுள்ள மாணாக்கர் விடியற்காலையிலேயே மஞ்சள்நிறப் பஸ் வண்டிக்குக் காத்துநிற்பர். (அம்மஞ்சளும் தற்செயலானதன்று, மங்கிய வெளிச்சத்திலும் அதன்மேற் கறுப்பெழுத்துத் தெளிவாகத் தெரியும் என்று கண்டு, 1939இல் நியூயோர்க்கிலே கூடிய மகாநாடொன்று அதனைத் தேர்ந்தது.) பாடசாலையிலே ஆசிரியர் தத்தம் அறையிலிருக்க, மணியடித்தவுடன் மாணாக்கரே அறைக்கு அறை செல்வர். காலையில் அட்சரகணிதமும் இரசாயனமும் கற்ற ஒருவர் பிற்பகலில் மரவேலையோ வாத்தியமோ பயிலலாம். வைத்தியராக விரும்புபவரும் மோட்டார் திருத்துபவராக விரும்புபவரும் ஒரே உணவறையில் அமர்கின்றனர். விஞ்ஞானம், கலை என்று பதினாறு வயதிலே வகுத்துவிடும் நம் வழக்கம் அங்கில்லை.

ஒரு பாடத்தை ஆண்டு முழுதும் ஒழுங்காகக் கற்றுச் சித்தியெய்தினால் அதற்குரிய அலகு கிடைக்கும். அலகுகள் போதிய அளவு சேர்ந்தாற் சான்றிதழ் கிடைக்கும். தவறிய பாடத்தைக் கோடை விடுமுறையில் மீண்டுங் கற்பதுமுண்டு. பல்கலைக்கழகம் புகுவோர்க்கென 1926இல் தொடங்கிய எஸ். ஏ. ரி. பரீட்சையையும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எழுதலாம். ஒரு பரீட்சை முடிவினால் வீடே துக்கவீடாகும் நிலை அங்கு அரிதென்றே எண்ணுகின்றோம்.

மாலையில் உதைபந்தாட்டம், வாத்தியக் குழு, நாடகம், பாடசாலைப் பத்திரிகை என்பன நடைபெறும். மத்தியதர வகுப்பினரின் பிள்ளைகளும் கடைகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் ஊதியத்திற்கு வேலை செய்வர். பதினான்கு, பதினைந்து வயதினர் பாடசாலை நாளொன்றில் 3 மணித்தியாலத்திற்கும், அவ்வாரத்தில் 18 மணித்தியாலத்திற்கும் மேல் வேலை செய்தல் ஆகாது என்பது அந்நாட்டுச் சட்டவிதி. தம் மகன் பிறர் உண்ட கோப்பை கழுவுவதை நம் ஊர்ப் பெற்றோர் பொறுப்பரோ, அறியோம்.

இவ்வளவும் கூறியபின், பரீட்சை தரம்பிரிக்காத அந்நாட்டிலே மாணாக்கரைத் தரம்பிரிப்பது எது என்ற வினா எழுகின்றது. நிறத்தால் வேறுபட்ட பாடசாலைகள் அரசியலமைப்புக்கு முரணானவை என 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எஞ்சி நின்றது மேலே கூறிய சோலைவரி. ரெக்ஸாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரிலே எட்ஜ்வூட் என்ற வட்டாரம் உண்டு. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்சிக்க வழிவந்த ஏழை மக்கள். 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்ஜ்வூட் உயர்தரப் பாடசாலை மாணாக்கர் ஏறக்குறைய 400 பேர், பழுதுற்ற கட்டடத்தையும் தகுதிபெற்ற ஆசிரியர் இன்மையையும் கண்டித்து வகுப்பை விட்டு வெளியேறினர். பெற்றோர் விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. எட்ஜ்வூட் மக்கள் நூறு டொலர்ப் பெறுமதிக்கு 1 டொலர் 5 சதம் வரி கொடுத்தனர். அதனால் மாணாக்கர் ஒருவருக்குக் கிடைத்தது 26 டொலர். அதே நகரின் செல்வ வட்டாரமாகிய அலமோ ஹைற்ஸ் மக்கள் கொடுத்ததோ 85 சதம் மட்டுமே; கிடைத்தது 333 டொலர். மாநில உதவியுஞ் சேர்ந்து இவ்வேற்றுமையைக் குறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை. கூடுதலாக வரியிறுத்தவன் பிள்ளை குறைவாகப் பெற்றது! வரிவீதம் எவ்வளவாயினும் நிலத்தின் பெறுமதி குறைந்தவிடத்துக் கிடைப்பதுங் குறைவு என்பதே இதன் சூக்குமம்.

டிமேத்திரியோ றொட்றிகஸ் என்னுந் தொழிலாளியும் ஏனைய பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்க்கெதிராகத் தீர்த்தது. கல்வி, அந்நாட்டு அரசியலமைப்பு உறுதியளிக்கும் உரிமையன்று என்பது அதன் முடிபு. 1954ஆம் ஆண்டு வழக்கிலே கறுப்பின மாணாக்கர்க்காக வாதாடிய தேர்குட் மார்ஷல், இப்போது நீதியரசராயிருந்து மாறுபட்ட தீர்ப்பெழுதினார். எட்ஜ்வூட் வட்டாரம் பின்னர் மாநில நீதிமன்றத்தை நாடியது. ரெக்ஸாஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் அவ்வரிமுறை மாநில அரசியலமைப்புக்கு முரணென ஒருமனதாகக் கூறியது. செல்வ வட்டாரங்களின் வருவாயில் ஒரு பங்கை ஏனையவற்றுக்குப் பகிரும் சட்டம் 1993இல் நிறைவேறிற்று. 1968இல் வகுப்பை விட்டு வெளியேறிய மாணாக்கர் அப்பொழுது நாற்பது வயதை எட்டி, தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பிராயத்தினராயிருந்தனர்.