திடப்படுத்தல் எடுக்கும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

பிஷப் ஐயா நம் சேகரத்துக்கு வரும் ஞாயிறு நெருங்கிவிட்டது, இந்த முறை நீயும் திடப்படுத்தல் எடுக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நீ அவளிடம் கேட்ட கேள்வியையும் சொன்னாள். வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் வீட்டிலேயே முடிகிறது, நல்ல பிரசங்கம் போனிலேயே கிடைக்கிறது, கமிட்டித் தேர்தல் வந்தால் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிற சபையில் நான் எதற்கு இருக்க வேண்டும் என்று கேட்டாயாம். அவள் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒப்பித்துவிட்டு, இதைக் கேட்காமல் பீடத்தின் முன் முழங்கால்படியிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நீ அன்றைக்குப் புதிதாகச் சபையில் சேரப் போவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிறாய். கைக்குழந்தையாக உன்னை ஞானஸ்நானத்துக்கு ஏந்தி நின்றபோது ஞானப் பெற்றோர் உனக்காக வாக்குக் கொடுத்தார்கள். நீ எப்படி வளர்வாய், யாரோடு ஒத்துப்போவாய் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலேயே சபை உன்னை ஏற்றுக்கொண்டது. இப்போது அந்த வாக்கை நீ உன் வாயால் சொல்லப் போகிறாய். நாங்கள் உன்னைப் பொறுக்கி எடுக்கவில்லை, நீயும் எங்களைப் பொறுக்கி எடுக்கவில்லை. கிறிஸ்து கூப்பிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். சபை என்பதை நான் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறேன்.

இந்த வாரம் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் 11-ஆம் அதிகாரத்தை வாசி. கி.பி. 55-ஐ ஒட்டி எழுதியது. அப்போது சபை வீடுகளில் கூடும், திருவிருந்தோடு சாப்பாடும் உண்டு. வசதியுள்ளவர்கள் தங்கள் உணவை முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து முடித்துவிடுவார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயர்தான் கர்த்தரின் பந்தி, நடப்பது அதுவல்ல என்று பவுல் கடிந்துகொள்கிறார். ஜெபத்திலோ வரங்களிலோ அந்தச் சபை குறைந்துபோகவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்குப் பசிக்கிறதா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதுவே சபையை அவமதிப்பது என்கிறார். ஒரே சரீரம், பல அவயவங்கள் என்று நாம் விரும்பிக் கேட்கும் பகுதி அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. அந்தப் பசித்தவர்களை மனதில் வைத்துக்கொண்டு அதை வாசி. நம் ஊர் அசனத்தில் எல்லா வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் விழுவதும், ஊருக்கே இலை போடுவதும் எனக்கு ஆராதனையின் ஒரு பகுதியாகவே படுகிறது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் ஒரு மராத்தியப் பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் குளோரிந்தா அம்மாள். கணவர் இறந்தபின் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமுடிக்காமல் வாழ்ந்தவர். அதனால் ஐயர் முன்பு அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்திருந்தார். அதிகாரி இறந்த பிறகே கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் அவருடையது. அவருக்குக் கீழே வெவ்வேறு சாதிக்காரர்கள். அந்தக் காலத்தில் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்க முடியாதவர்களின் பெயர்கள் ஒரே தாளில் வரிசையாக இருக்கின்றன. ஊர் வாய்க்குப் பயந்து வாழ்ந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணின் பெயர் அவர்களுக்கெல்லாம் மேலே இருக்கிறது. நாற்பது பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் யாரும் இந்த நாற்பதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாளின் முயற்சியில் 1785-இல் எழும்பிய கோயில் இன்னும் நிற்கிறது. பாளையங்கோட்டைக்குப் போகும்போது உள்ளே போய்ப் பார்.

அந்தத் தாளுக்கு நாம் உண்மையாக இருந்தோமா? இல்லை. தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் சாதிப்படி தனித்தனியே உட்கார்ந்தார்கள், திருவிருந்திலும் அந்தப் பிரிவு வந்தது. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் இனி விடக்கூடாது என்று கடிதம் அனுப்பினார். பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பெரும் புலவரே அந்த வழக்கங்களுக்காக வாதாடினார். அவர் பாட்டை நான் மனமுருகப் பாடுகிறேன், அந்த வாதத்தை ஏற்க என்னால் முடியாது. இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்துவைத்திருக்கும் ஊர்கள் உண்டு. இதை உன்னிடம் மறைத்துவிட்டு உன்னைச் சபைக்கு அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் போனோடு இருந்துவிடலாமே என்பாய். போனில் பிரசங்கியாரை நீ தேர்ந்தெடுக்கிறாய், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்கிறாய். அங்கே உனக்குப் பக்கத்தில் இருமுகிற பாட்டி இல்லை, பென்ஷன் வராமல் தவிக்கிற வாத்தியார் இல்லை, உன் சாதியைக் கேட்காமல் உன்னோடு ஒரே கிண்ணத்தில் குடிக்க வேண்டியவரும் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கும், 2020-இல் கோயில்கள் மூடியிருந்தபோது நமக்கும் அது பெரிய உதவி. நடக்க முடிந்தவள் அதோடு நின்றுவிட்டால் தனக்குப் பிடித்தவர்களோடு மட்டும் சாப்பிட்ட கொரிந்துக்காரர்களின் பக்கம் போய்விடுகிறாள்.

தேர்தல் சண்டை எனக்கும் வெட்கம்தான். ஆனால் பிரிந்தவர்கள் கூடிவந்ததும் இதே சபையில்தான். 1919-இல் தரங்கம்பாடியில் பெரும்பாலும் இந்தியக் குருமாரே கூடி, அயல்நாட்டுப் பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா பிஷப். யார் கைவைத்து அபிஷேகம் செய்தால் குருத்துவம் செல்லும் என்பதிலேயே ஆண்டுக்கணக்காக இழுபறி நடந்தது. 28 ஆண்டுகள் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஒன்றானார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-இலேயே இறந்துவிட்டார். முடிவைப் பார்ப்போமா என்று தெரியாமலே விடாது பேசிக்கொண்டிருந்தவர்கள் நமக்கு இருந்தார்கள். நீயும் உனக்கு உரிய வயது வந்ததும் சங்கக் காணிக்கையை உன் பெயரிலேயே கட்டு. சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேள். கேட்பதும் சபையாரின் கடமைதான்.

ஜூனில் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போகிறாயாமே. புறப்படும் முன் நம் ஐயரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள். அங்கே முதல் ஞாயிறே அதைக் கொண்டுபோய் அந்தச் சபையின் ஐயரிடம் கொடு. ஆசீர்வாதம் முடிந்ததும் வாசலுக்கு ஓடாதே. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரிடம் பேசு, பாடகர் குழுவில் இடமிருக்கிறதா என்று கேள், தனியாக வந்து தனியாகப் போகிறவர் யார் என்று பார்த்துவை. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுது. பிரசங்கம் எப்படி இருந்தது என்பது அப்புறம் இருக்கட்டும். அங்கே யார் யாரைத் தெரிந்துகொண்டாய், அவர்களில் யாருக்கு என்ன கஷ்டம் என்பதை முதலில் எழுது. திடப்படுத்தலுக்கு நானும் அத்தையும் சனிக்கிழமையே வந்துவிடுகிறோம்.

அன்புடன்,
மாமா