உதிரிபாகமும் உண்மையான சேவையும்

முன்னுரை

சைக்கிளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். லேத், மில்லிங் மெஷின் எல்லாம் படிக்கிற நமக்குச் சைக்கிள் சின்ன விஷயம்தான். ஆனால் அந்தச் சின்ன வண்டிக்கு ஒரு உதிரிபாகம் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் விட்டம், பிட்ச், மரை என்று நாம் வகுப்பில் படிக்கிற அத்தனையும் தேவைப்படுகிறது. அதோடு பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றும் தேவைப்படுகிறது. அதுதான் விற்பவரின் நேர்மையான வார்த்தை.

இன்று டயர் முதல் ஃப்ரீவீல் வரை செல்போனிலேயே வாங்க முடிகிறது. பொருளைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கும் இந்த வியாபாரத்தில் நல்ல சேவை என்பது எது, வாடிக்கையாளர் ஒரு கடையை விடாமல் நாடி வருவது எதனால் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

1. பெயர் ஒன்று, அளவு பல

தெருமுனைக் கடையில் பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய், "இதே மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் போதும். கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொடுத்துவிடுவார். இணையத்தில் அந்த வசதி இல்லை. அங்கே எழுதியிருக்கும் அளவு மட்டும்தான் நமக்குக் கண்.

அந்த அளவில்தான் குழப்பமே. "26 அங்குல டயர்" என்ற ஒரே பெயரில் 559, 571, 584, 590, 597 மி.மீ. என ஐந்து வகை உண்டு. இவை டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டங்கள். ஒன்றின் டயர் மற்றொன்றின் ரிம்மில் சரியாக உட்காராது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஐ.எஸ்.ஓ. 5775 என்ற தர அளவு இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 40-635 என்று இருந்தால், 40 என்பது டயரின் அகலம், 635 என்பது அந்த விட்டம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் இதுதான்.

செயினும் அப்படியே. பிட்ச் எல்லாவற்றுக்கும் அரை அங்குலம். ஆனால் சாதாரண சைக்கிளுக்கு உள் அகலம் 1/8 அங்குலம், கியர் சைக்கிளுக்கு 3/32 அங்குலம். காட்டர் பின்னில் 9 மி.மீ., 9.5 மி.மீ. என இரண்டும் உண்டு. அரை மில்லிமீட்டர்தானே என்று அடித்து இறக்கினால் கிராங்க் ஆடும், அல்லது பின் பாதியிலேயே நின்றுவிடும்.

2. எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் அப்பா சைக்கிளில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அப்பாவின் வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும், எனக்கு பஸ் காசும் கிடைக்கும்.

சென்ற ஆண்டு பின் டயர் நீளவாக்கில் கிழிந்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் சிறுவர் சைக்கிள் டயர்தான் இருந்தது. ஒரு இணையக் கடையில் 28 × 1½ என்று தெளிவாகப் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினோம். ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் பக்கவாட்டில் 37-622 என்று இருந்தது. 635-க்கும் 622-க்கும் வித்தியாசம் 13 மி.மீ. விட்டத்தில் 13 மி.மீ. என்றால் சுற்றளவில் ஏறக்குறைய 41 மி.மீ. டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அவ்வளவு நீளாது. எவ்வளவு நெம்பினாலும் ஏறாது.

புகார் செய்தோம். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. படம் அனுப்பினோம். மறுபடியும் அதே பதில். மூன்று வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது. கணக்குப் பார்த்தால் அவர்கள் எங்களை ஏமாற்றவில்லை. ஆனால் போன நாட்களின் வருமானத்தை யார் திருப்பித் தருவார்கள்?

டயர் தவறு என்று தெரிந்த அன்றே வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய கடையில் இணையம் வழியாகவே கேட்டோம். பணம் கட்டிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "தம்பி, பழைய டயர் ஓரத்துல என்ன நம்பர் இருக்கு, படிங்க" என்றார். படித்தேன். "லோடு வண்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ரிம்முக்குள்ள போக்ஸ் கம்பி முனை எதுவும் துருத்திக்கிட்டு இருக்கா பாருங்க. இருந்தா அரத்தால தேய்ச்சுடுங்க. இல்லன்னா புது டியூப்பும் பஞ்சர்தான். ரிம் டேப் வாங்க வேணாம், பழைய டியூப்பைக் கீறி உள்ள சுத்துங்க, போதும்" என்றார்.

விலை முதல் கடையைவிட 40 ரூபாய் அதிகம். ஆனால் நான்காம் நாள் சரியான டயர் வந்தது. ஆக மொத்தம் ஒன்பது நாள் அப்பா வியாபாரத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு கோன், பால்ஸ், செயின் எல்லாம் அந்தச் சின்னக் கடையில்தான் வாங்குகிறோம். ரிம் டேப் விற்று அவர் இன்னும் கொஞ்சம் சம்பாதித்திருக்கலாம். அதை விட்டுக்கொடுத்ததால் எங்களை நிரந்தரமாகச் சம்பாதித்துவிட்டார்.

3. கடல் கடந்து ஓர் எடுத்துக்காட்டு

இந்தக் கடைக்காரர் போனில் செய்ததை உலகம் முழுவதற்கும் செய்த ஒருவரை, டயர் எண்களைப் பற்றித் தேடியபோது தெரிந்துகொண்டேன். அவர் பெயர் ஷெல்டன் பிரௌன். 1944-ல் பிறந்தவர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் நியூட்டன் என்ற இடத்தில் இருந்த ஹாரிஸ் சைக்கிளரி என்னும் கடையில் பாகங்கள் பிரிவில் வேலை பார்த்தவர்.

1990-களிலேயே அவர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் இணையத்தில் எழுதிவைத்தார். எந்த டயர் எந்த ரிம்முக்கு, எந்த மரை எந்த நாட்டு வண்டிக்கு, கியர் விகிதம் கணக்கிடுவது எப்படி என்று எல்லாமே இலவசம். கடையில் வாங்கினால்தான் சொல்வேன் என்ற பேச்சே இல்லை. செயின் தேய்மானம் பார்க்க அவர் சொன்ன வழியைப் பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தால் அது 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். பல்சக்கரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1/8 அங்குலம் வரை விட்டுவிட்டால் பல்சக்கரமும் போய்விடும். இதைச் சொல்லிக் கொடுப்பதால் கடைக்குப் பல்சக்கர விற்பனை குறையும். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அவர் எழுதியது நமக்கும் பொருந்துகிறது. நம் அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டோடு வந்தது. நம் பெரிய சைக்கிளின் வடிவம் ஆங்கிலேய ரோட்ஸ்டர் வண்டியின் வடிவம்தான். முன் சக்கரம் 32 கம்பி, பின் சக்கரம் 40 கம்பி என்பதும் அந்த வழக்கமே. அதனால் அமெரிக்காவில் எழுதிய அட்டவணையில் எங்கள் அப்பாவின் டயர் அளவு இருந்தது.

ஷெல்டன் பிரௌன் 2008-ல் காலமானார். அந்தக் கடையும் 2021-ல் மூடப்பட்டது. நல்ல சேவை இருந்தால் கடை என்றைக்கும் நிலைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை, போட்டி, காலமாற்றம் என்று வியாபாரத்துக்கு ஆயிரம் கஷ்டம். ஆனால் அவர் எழுதியதை வேறு சிலர் பேணி வருகிறார்கள். இன்றும் உலகெங்கும் மெக்கானிக்குகள் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

4. விசுவாசம் எதனால் வருகிறது?

தள்ளுபடி கொடுத்தால் வாடிக்கையாளர் வருவார். அடுத்தவன் இன்னும் ஐந்து ரூபாய் குறைத்தால் அங்கே போய்விடுவார். அவர் மீண்டும் மீண்டும் ஓரிடத்துக்கு வருவது, "இவரிடம் வாங்கினால் நமக்கு நட்டம் வராது" என்ற தைரியத்தால்தான்.

இதை நான் கேட்டது எந்த மேலாண்மை வகுப்பிலும் இல்லை. அப்பா விற்ற குடம் ஒழுகினால் அடுத்த வாரம் வரும்போது பேசாமல் மாற்றிக் கொடுத்துவிடுவார். "ஏம்ப்பா, அவங்க கீழ போட்டு உடைச்சிருந்தா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒரு குடம் போனா போகட்டும்டா, ஒரு தெரு போயிடக் கூடாது" என்றார்.

5. வாங்குவோர் கவனத்திற்கு

(1) அங்குல அளவை மட்டும் நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள மி.மீ. எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

(2) பழைய பாகத்தைப் புதியது பொருந்தும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

(3) பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே கடையின் தரம் தெரிந்துவிடும்.

(4) பார்சல் பிரிக்கும்போது படம் எடுத்துவையுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

(5) நல்ல சேவை செய்தவரை நாலு பேரிடம் சொல்லுங்கள். அதுவும் நம் கடமையே.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இணைய வணிக நிறுவனம் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

முடிவுரை

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் ஸ்டோர்ஸிலும், சர்வீஸ் சென்டரிலும், சொந்தக் கடையிலும் நிற்கப்போகிறோம். அப்போது மறுமுனையில் போனைப் பிடித்திருப்பவர் அளவு தெரியாதவராக இருக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம். அவருக்கு அந்த ஒரு பாகம் ஒரு வாரச் சோறு. பாகத்தை அனுப்பும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, "உங்க பழைய டயர்ல என்ன நம்பர் இருக்கு?" என்று கேட்போம். நாம் படித்த படிப்புக்கு அதுவே மரியாதை.

இப்போதைக்கு, வீட்டுச் சைக்கிளுக்குப் பாகம் வாங்க நினைத்து அளவு தெரியாமல் இருப்பவர்கள் பழையதைக் கொண்டுவாருங்கள். வெர்னியர் வைத்து அளந்து, சேர்ந்தே பார்த்துச் சொல்லுவோம்.