கோல்ஃப் பந்தயம்: அறிவைக் கொண்டு ஆடினால் சூது ஹலால் ஆகுமா? (ஜும்ஆ உரை)

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

அல்லாஹ்வை அஞ்சி வாழும்படி முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து இந்த உரையை ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்காவில் கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஐவேளை தொழுகிறவர். வட்டிக்கு அஞ்சி இன்னும் வாடகை வீட்டில் இருப்பவர். அவர் எழுதியது இதுதான்: "ஹஜ்ரத், லாட்டரி ஹராம், சீட்டாட்டம் ஹராம் என்று தெரியும். நான் கோல்ஃப் போட்டியில் இரண்டு வீரர்களை எடுத்து, இவரா அவரா என்று ஆராய்ந்து பணம் போடுகிறேன். இதில் அதிர்ஷ்டத்தை விட அறிவுதான் அதிகம். இது எப்படிச் சூதாகும்?"

கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "வீட்டில் யாருக்கும் தெரியாது." அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

அவர் செய்வது என்ன?

தொழில்முறை கோல்ஃப் போட்டி பெரும்பாலும் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் நடக்கும். நாளுக்கு 18 குழி, மொத்தம் 72 குழி. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். நூறு பேருக்கு மேல் ஆடும் போட்டியில் கோப்பை யாருக்கு என்று சொல்வது மிகக் கடினம். அதனால் பந்தய நிறுவனங்கள் இரண்டு வீரர்களை மட்டும் ஜோடி சேர்த்து, "இந்த இருவரில் யார் மேலே முடிப்பார்?" என்று கேட்கின்றன. இதை ஹெட் டு ஹெட் பந்தயம் என்கிறார்கள். அந்த இருவரும் கோப்பைக்கு அருகில்கூட வர வேண்டியதில்லை. ஒருவர் 30ஆவது இடம், மற்றவர் 31ஆவது இடம் என்றாலும் பந்தயம் முடிந்தது.

இரண்டில் ஒன்று என்பதால், லாட்டரி போல கோடியில் ஒரு வாய்ப்பைத் தேடுவதாகத் தெரியாது. வீரரின் பழைய ஆட்டங்கள், மைதானத்தின் தன்மை, காற்று எல்லாவற்றையும் படிக்கலாம். படிக்கப் படிக்க, நாம் சூதாடவில்லை, வேலை செய்கிறோம் என்று நஃப்ஸ் நம்மிடம் சொல்லும்.

2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த சட்டத்தை நீக்கியது. அதன் பிறகு பல மாநிலங்களில் பந்தயம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஆனால் நாட்டின் சட்டம் ஒன்றை அனுமதிப்பதால் அது ஹலால் ஆகிவிடாது. மதுவையும் வட்டியையும் கூடத்தான் சட்டம் அனுமதிக்கிறது.

மைஸிர் என்றால் என்ன?

ஜாஹிலிய்யாக் கால அரபிகளின் மைஸிர் எப்படி இருந்தது என்று பாருங்கள். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவார்கள். பத்து அம்புகள், ஏழுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. பங்கில்லாத அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர்கள் இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்து, அதைப் பெருமையாகப் பேசுவார்கள்.

ஏழையின் வயிறு நிறைந்தது. ஆனாலும் அல்லாஹ் அதை அனுமதிக்கவில்லை. மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் இருப்பதையும், அவற்றின் பாவமோ பயனை விடப் பெரிது என்பதையும் முதலில் அறிவித்தான் (2:219). பிறகு, அது ஷைத்தானின் அசுத்தமான செயல், விலகிக்கொள்ளுங்கள் என்று முற்றாகத் தடுத்தான் (5:90).

இதிலிருந்து மார்க்க அறிஞர்கள் எடுத்த அளவுகோல் எளிமையானது. பணம் கொடுத்து நுழைகிறாய்; உன் கையில் இல்லாத ஒரு முடிவைப் பொறுத்து, ஒன்று உன் பணம் போகிறது, அல்லது அடுத்தவர் பணம் வருகிறது. எந்தப் பொருளும் கைமாறவில்லை, எந்த உழைப்பும் விற்கப்படவில்லை. இதுதான் சூது. இந்த அளவுகோலில் "எவ்வளவு ஆராய்ந்தாய்?" என்ற கேள்வியே கிடையாது. ஆராய்ச்சி செய்தவர் நீங்கள். பந்தை அடிப்பவர் வேறொருவர். அவருக்கு முதுகு வலித்தாலும், காலையில் இல்லாத காற்று பிற்பகலில் வீசினாலும் உங்கள் பணம் போகிறது.

"அபூபக்ர் (ரலி) அவர்கள் பந்தயம் கட்டினார்களே?"

இந்தக் கேள்வியும் வரும். ரோமர்கள் பாரசீகர்களிடம் தோற்ற நேரம். சில ஆண்டுகளில் ரோமர்கள் வெல்வார்கள் என்று ஸூரத்துர் ரூம் அறிவித்தபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்கா முஷ்ரிக்குகளுடன் பந்தயம் வைத்தார்கள். அதுவும் இரு தரப்பில் யார் வெல்வார் என்பதுதான். ஆனால் பந்தயம் தடை செய்யப்படும் முன்பு நடந்தது அது என்று திர்மிதீயின் அறிவிப்பிலேயே வருகிறது. அபூபக்ர் (ரலி) அவர்களிடம் இருந்தது வஹீயின் உறுதி. நம்மிடம் இருப்பதோ கைப்பேசியில் படித்த புள்ளிவிவரம்.

குதிரை, ஒட்டகம், அம்பெய்தல் ஆகிய போட்டிகளில் பரிசுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள் (அபூதாவூத், திர்மிதீ). அது களத்தில் இறங்கித் திறமை காட்டுபவருக்கான பரிசு. வேலிக்கு வெளியே நின்று பணம் கட்டுபவருக்கு அதில் பங்கில்லை.

கணக்கையும் பார்ப்போம்

நஷ்டம் வருவதால் சூது ஹராம் ஆகவில்லை, ஜெயித்தாலும் ஹராம்தான். ஆனாலும் அறிவை நம்பிப் பேசும் சகோதரருக்காக ஒரு கணக்கு. சமபலமுள்ள ஜோடியில் பொதுவாக 110 டாலர் கட்டினால்தான் 100 டாலர் லாபம் கிடைக்கும். நூறு முறை கட்டி 52 முறை சரியாகச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். வந்தது 5,200. தவறிய 48 முறைக்குப் போனது 5,280. பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் 80 டாலர் நஷ்டம்! தப்பித் தவறித் தொடர்ந்து ஜெயிப்பவர்களுக்கோ நிறுவனங்கள் கட்டும் தொகையைக் குறைத்துவிடுகின்றன.

அறிவு காப்பாற்றும் என்றால் ஃபில் மிக்கல்சனைக் காப்பாற்றியிருக்க வேண்டும். 6 மேஜர் பட்டங்கள் வென்றவர். 2021இல் 50 வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றவர். தன் சூதாட்டம் அளவு மீறி அடிமைத்தனமாகி, தன்னை நேசிப்பவர்களுக்கு வேதனை தந்ததாக 2023இல் அவரே பகிரங்கமாக எழுதினார். அவரே சொன்னதால்தான் நானும் சொல்கிறேன், இழிவுபடுத்த அல்ல. விளையாட்டை உள்ளிருந்து அறிந்தவருக்கே அந்த நிலை.

பகைமையும் தொழுகையும்

சூதைத் தடுத்ததற்கு அல்லாஹ் காரணமும் சொல்கிறான்: ஷைத்தான் அதன் மூலம் உங்களிடையே பகைமையை உண்டாக்கவும், திக்ரையும் தொழுகையையும் விட்டு உங்களைத் தடுக்கவும் நாடுகிறான் (5:91). 2023 ஆகஸ்டில் சிகாகோ அருகே நடந்த ஒரு போட்டியில், பந்தயம் கட்டிய பார்வையாளர் ஒருவர் மேக்ஸ் ஹோமா பந்தைத் தட்டும் நேரத்தில் கத்தினார். அவர் கட்டியிருந்தது வெறும் 3 டாலர் என்று ஹோமாவே பிறகு சொன்னார். 3 டாலருக்காக, முன்பின் அறியாத மனிதன் தோற்க வேண்டும் என்ற ஆசை உள்ளத்தில் வந்துவிடுகிறது.

தொழுகையை எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகு பின்தங்கியவர்களை வெளியேற்றும் "கட்" பெரும்பாலும் முடிவாவது வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் ஹலாலான வியாபாரத்தையே விட்டுவிட்டு வரச் சொல்கிறான் அல்லாஹ் (62:9). பணம் கட்டியவர் உடலால் ஸஃப்பில் இருக்கலாம். உள்ளம் எந்தக் குழியருகில் நிற்கும்?

அந்தக் கடைசி வரி

"வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று எழுதினாரே, அவருடைய கேள்விக்கான பதில் அதிலேயே இருக்கிறது. உள்ளத்தை உறுத்துவதும், மக்கள் அறிவதை நீ வெறுப்பதும் பாவத்தின் அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (முஸ்லிம்). மனைவியிடம் சொல்ல முடியாத சம்பாத்தியத்தை, நாளை மறுமையில் ரப்பிடம் எப்படிச் சொல்வோம்?

அன்புச் சகோதரரே, வழி அடைபடவில்லை. இன்றே அந்தக் கணக்கை மூடுங்கள். "விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறேன்" என்று சொல்லாதீர்கள். அது ஷைத்தானின் கயிறு. தன்னைப் பந்தயத்திலிருந்து தடை செய்யும்படி தானே பதிவு செய்யும் ஏற்பாடு நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஜெயித்த பணம் கையில் இருந்தால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கையைக் கழுவுங்கள். அதைக் கொண்டு ஹஜ் வேண்டாம், பிள்ளைக்கு உணவும் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். அது உங்கள் மனைவியாக இருந்தால் இன்னும் நல்லது.

தன் தோழரை "வா, சூதாடுவோம்" என்று வாயால் அழைத்தவரையே ஸதகா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரீ, முஸ்லிம்). அழைப்புக்கே இது என்றால், ஆடியவர் தாமதிக்கலாமா?

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வாயாக! எங்கள் இளைஞர்களைச் சூதின் எல்லா வடிவங்களிலிருந்தும் பாதுகாப்பாயாக! தவறி விழுந்தவர்களின் தௌபாவை ஏற்று, அவர்களின் குடும்பங்களில் நிம்மதியைத் திருப்பித் தருவாயாக! ஆமீன்.