போடிமெட்டு ஏறும் வண்டிக்கு ஆயில் மாற்றுவது எப்படி?

கேள்வி: என்னிடம் ஆட்டோமேட்டிக் இன்னோவா கிரிஸ்டா இருக்கிறது. அடிக்கடி போடிக்கு இறங்கி ஏறுகிறேன். கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?
– பூப்பாறை வாசகர்

பதில்: மாற்றலாம். முதல் சிக்கல் உங்கள் முற்றம்தான். இடுக்கியில் சரிவில்லாத வாசல் எத்தனை வீட்டுக்கு இருக்கிறது? இந்த கியர்பாக்ஸில் ஆயில் பார்க்கும் குச்சி கிடையாது. வண்டி மட்டமாக நிற்க, எஞ்சின் ஓட, கையேட்டில் சொன்ன சூட்டில் லெவல் போல்ட்டைத் திறந்து, ஆயில் மெல்லச் சொட்டுவதை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் கணக்கு தப்பும். நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வையுங்கள். இல்லாவிட்டால் காலி கியர்பாக்ஸோடு வண்டி வாசலிலேயே கிடக்கும். எல்லா ஆயிலும் வடியாது. கணிசமான பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். வடிந்ததை அளந்து, டொயோட்டா டபிள்யூ.எஸ். ரகத்தையே அதே அளவு ஊற்றி, பிறகு லெவல் பாருங்கள்.

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சூடு ஆயிலைச் சீக்கிரம் கெடுக்கும். வடிந்ததில் கருகிய வாடையோ உலோகத் துணுக்கோ இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய ஆயிலை ஏலத்தோட்டத்து ஓடையில் கொட்டாமல் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.