புது மெஷினில் கோளாறு

கேள்வி: தச்சு வேலைக்குப் புதிதாக வாங்கிய பிளேனரில் பலகை நேராக இழைபடவில்லை. கடைக்காரர் கைவிரிக்கிறார். தொழிலுக்கு வாங்கியதால் வழக்குப் போட முடியாதாமே?
- ஒரு வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: முடியும். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கிய கருவி வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. இது தெரியாமல் எத்தனை ஆசாரிமார் நஷ்டப்படுகிறார்கள்!

மெஷினைக் கழற்றாதீர்கள், பழியை உங்கள் மேலேயே போடுவார்கள். கரண்டைத் துண்டித்து, இரு மேசைகளையும் ஒரே மட்டத்துக்கு ஏற்றி, நேரான இரும்புப் பட்டையை நீளவாக்கில் வையுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் மேசை கோணல். அதைப் படமெடுத்து, பில் நகலோடு கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை; வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. வாய்ப்பேச்சை நம்பிக் காத்திராமல் இந்த வாரமே கடிதம் எழுதுங்கள்.