பொறி தெறிக்காவிட்டால் பழுதில்லையா?

நிலை மின்சாரம் என்பது குளிர் தேசத்தாருக்கே உரிய உபத்திரவம் என்றும், வருஷத்தின் பெரும்பகுதி வியர்வையில் நனைந்திருக்கும் நம் கடற்கரை நகரங்களில் கணினியின் ராம் தகட்டையோ கைப்பேசியின் போர்டையோ வெறுங்கையால் எடுப்பதில் யாதொரு அபாயமும் இல்லையென்றும் ஓர் அபிப்பிராயம் நிலவுகிறது. இதில் பாதி மெய். ஆளை ஏமாற்றுவது அந்தப் பாதிதான். காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கையில் கம்பளத்தின்மேல் நடந்து வருபவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடுமென்றும், ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேற்பட்டால் அது 1,500 வோல்ட் அளவுக்குத் தணியுமென்றும் பொறியியல் நூல்களில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் அட்டவணை கூறுகிறது. ஆனால், விரல் நுனி சுரீரென்று உணர்வதற்கே ஏறத்தாழ 3,000 வோல்ட் தேவைப்பட, சில நுண்சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெட்டுவிடுமாதலால், புழுக்கம் நமக்குச் செய்யும் உபகாரமெல்லாம் அபாயத்தை அறவே நீக்குவதன்று, எஞ்சியதைப் புலனுக்கு எட்டாதபடி மறைத்து வைப்பதே. ஏ.சி. அறையில் காற்று உலர்ந்துவிடுவதால் அந்தத் தணிவும் குறைகிறது.

‘தொட்ட பிறகும் ஓடுகிறதே’ என்பது அடுத்த வாதம். மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட் முனைக்கும் அதன் கீழுள்ள சிலிக்கனுக்கும் இடையேயான காப்புப் படலம் நானோமீட்டர் கணக்கில் அளக்கப்படும் அத்தனை மெல்லியது. அது துளைபட்டால் சில்லு அப்போதே மாளும். துளைபடாமல் நைந்து மட்டும் போனாலோ, சோதனையில் தேறி, வாடிக்கையாளர் வீட்டில் சில மாதம் உழைத்துவிட்டு, பின்பு ஒருநாள் திடீரென நின்றுபோகவும் கூடும். அப்போது பழி தயாரிப்பாளன் தலையில் விழும். தொட்ட கையை யாரும் சந்தேகிப்பதில்லை.

ரப்பர்ச் செருப்பு காக்கும் என்பது தலைகீழான நம்பிக்கை. வீட்டு மின்சாரம் உடல்வழியே தரைக்குப் பாயாமல் தடுக்கும் அதே குணத்தினால், உடலில் சேர்ந்த மின்னூட்டத்தையும் அது வடியவிடாமல் தேக்கி வைக்கிறது.

கேபினெட்டின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொடுவது நல்ல வழக்கமே. எனினும் நாற்காலியில் சற்று அசைந்தாலும், செல்லோ டேப்பை உரித்தாலும் மின்னூட்டம் மறுபடி பிறக்கும். ஆகையினால்தான் வேலை முடியும்வரை மணிக்கட்டில் எர்த் பட்டை அணியச் சொல்கிறார்கள். அப்பட்டையிலுள்ள 10 லட்சம் ஓம் மின்தடை வீண் இடைஞ்சலென்று எண்ணி, அதற்குப் பதில் வெறும் செம்புக் கம்பியைக் கட்டிக்கொள்வது சாமர்த்தியமன்று, ஆபத்து. அத்தடை இருந்தும் உடலின் மின்னூட்டம் ஒரு விநாடியில் ஆயிரத்திலொரு பங்குக்குள் வடிந்துவிடும். 230 வோல்ட் கம்பியில் கை தவறிப் பட்டாலோ, பட்டை வழியே பாய்வது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே நிற்கும். வெறுங்கம்பி அந்த இடத்தில் உயிரையே வாங்கும்.

தெர்மகோலையும் பிளாஸ்டிக் டம்ளரையும் எர்த் செய்ய இயலாது. மேஜையிலிருந்து அவற்றை அப்புறப்படுத்துவதே வழி. போர்டு வந்த வெள்ளிநிறப் பையை மேஜைமேல் விரித்து, அதன்மேல் போர்டை வைத்து வேலை செய்வோர் அநேகர். அந்தப் பையின் கவசம் வாய் மூடிய நிலையில் உள்ளிருக்கும் பொருளுக்கேயன்றி, மேலே வைத்ததற்கு அன்று.